ரிஜிஸ்டரில் இருக்கும் கக்கூஸ்

சாரதாமணி டீச்சர் காலையில் ஒரு டம்ளர் காபி குடித்தால், அதற்கப்புறம் சாயங்காலம் ஐந்து மணிவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. விரதமும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. தறிமேட்டுப் பெண்கள் பாடசாலையில் கக்கூஸ் இல்லை, அவ்வளவுதான். அங்கே தலைமையாசிரியையாக ஒன்பது வருஷத்தை இப்படியே ஓட்டிவிட்டாள். சித்திரை வெயிலில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீர்க்கடுப்பு வந்துவிட்டால் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள். ராசிபுரத்து வைத்தியர் ஒவ்வொரு தடவையும், "தண்ணி நெறையாக் குடிங்கம்மா" என்பார். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவரிடம் கேட்க இவளுக்கு வெட்கம்.

தறிமேடு ராசிபுரத்திலிருந்து நாலு மைல். ஊர் முழுக்கத் தறிக்காரர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே பாவடி, அதாவது நெசவாளர்கள் பாவு நீட்டுகிற பொட்டல். விடிந்ததிலிருந்து அங்கே ஆண்கள் வரிசையாக நின்று இழை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பக்கம் பஸ் ரோடு. ஒரு பக்கம் சாயப்பட்டறை, மறுபக்கம் டீக்கடை. ஊர்ப் பெண்கள் கோழி கூவுமுன்னே எழுந்து கள்ளிக்காட்டுக்குப் போய்வந்துவிடுவார்கள். அதை விட்டால் இருட்டிய பிறகுதான். பகலில் பெண் ஜென்மத்துக்கு வயிறு என்று ஒன்று இருக்கவே கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம்.

ஆறு ஏழு வயசுக் குழந்தைகள் சுவரோரமாக உட்கார்ந்து எழுந்துவிடும். ஒன்பது பத்து வயசானால் அதற்கு வழியில்லை. மத்தியானத்துக்கு மேல் பாதிப் பெண்கள் தொடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாடம் எங்கே ஏறும்? போன ஆடியில் ஒரு பெண் அடக்க முடியாமல் பலகையை நனைத்துவிட்டு ஓவென்று அழுதபடி ஓடினாள். திரும்பி வரவே இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று கழன்று, அறுபது பெண்கள் இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலும் அதற்கு மேலும் சேர்த்து ஐந்தே பேர்தான் மிச்சம்.

அந்த ஐந்து பேரில் பாவாயி என்று ஒருத்தி. பதினோரு வயசு. இழை எண்ணி எண்ணிப் பழகிய வீட்டுப் பிள்ளை என்பதாலோ என்னவோ, கணக்கில் சூரப்புலி. கரும்பலகையில் சாரதாமணி கணக்கை எழுதி முடிக்குமுன்னே விடையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொள்வாள். இவளை எட்டாவது வரைக்கும் தூக்கிவிட்டுச் சேலத்தில் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்துவிடவேண்டும், தன்னைப்போல் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்துவிடவேண்டும் என்று சாரதாமணிக்கு வெறி. சாரதாமணியும் தறிக்கார வீட்டுப் பெண்தான். அவளுக்கு ஒரு டீச்சர் இதைச் செய்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் பாவாயியின் தாய் குஞ்சம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள உக்கார்ற வயசு வந்துருச்சுங்க. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது. பாவடியில அத்தன ஆம்பளைங்க நிக்கறப்ப இவ எங்கீங்க போவா?"

"எழுதிப் போட்டிருக்கேன் குஞ்சம்மா. போர்டுல இருந்து கட்டிக் குடுப்பாங்க."

"நீங்க எழுதி எத்தன வருசமாச்சுங்க? தை பொறக்கற வரைக்கும் அனுப்பறேன். அதுக்குள்ள ஒரு மறைப்புக் கட்டிப்போட்டீங்கன்னாச் செரி. இல்லீன்னா நிறுத்திப்போடுவேனுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

கோபித்துக்கொள்ள சாரதாமணிக்கு என்ன யோக்கியதை இருந்தது? குஞ்சம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

வருஷத்துக்கு ஒரு மனு என்று அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தை நடத்துகிற போர்டு ஆபீஸிலிருந்து பதிலும் வந்துகொண்டுதான் இருந்தது. பதில் வரவில்லை என்று மட்டும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் வருஷம், 'கட்டட ரிஜிஸ்டரில் கக்கூஸ் காணப்படாததால் மராமத்துக்கு இடமில்லை' என்று வந்தது. இல்லை என்பதால்தானே கேட்கிறேன் என்று இவள் எழுதினாள். 'அப்படியாயின் இது புது வேலை. ஊரார் பங்காக மூன்றில் ஒன்று கட்டினால் பரிசீலிக்கப்படும்' என்று அடுத்த வருஷம் வந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டாள். "கோயில் மதிலுக்குக் கேளுங்க, குடுக்கறோம். பொம்பளைங்க ஒதுங்கறதுக்கு ஊர்ப் பணமா?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

மார்கழி முடியப்போகிற நேரத்தில், இனிக் கடுதாசி எழுதிப் பிரயோஜனமில்லை என்று அவளே பஸ் ஏறிப் போர்டு ஆபீஸுக்குப் போனாள்.

அங்கே கட்டட செக்‌ஷனில் பாலசுந்தரம் என்று ஒரு குமாஸ்தா. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை, பேச்சு நிறையத் தேன். கெட்ட மனுஷன் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. அவளுக்கு முக்காலி எடுத்துப் போட்டான். மோர் வரவழைத்தான். அவள் குடிக்கவில்லை, திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"அம்மா, உங்க மனுவெல்லாம் நான் பாத்தேனுங்க. எழுத்து முத்து முத்தா இருக்குது. ஆனா தலைப்பு தெரியாம எழுதிப்போட்டீங்க" என்றான். பிறகு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவன்போல விரல் விட்டு எண்ணினான். "ஓடு மாத்தறது, வெள்ளை அடிக்கறது, இதெல்லாம் சில்லறை மராமத்துங்க. இருக்கறது இடிஞ்சு போச்சுன்னா அது விசேஷ மராமத்து. இருக்கறத இன்னும் நல்லாப் பண்ணுனா அதுக்குப் பேரு அபிவிருத்தி. இல்லாததக் கட்டுனா புது வேலை. புது வேலைக்குத்தான் ஊரார் பங்கு, பிளான், மேலிடத்துச் சாங்ஷன், எல்லாம். இருக்கறதுக்கு அந்த இழவெல்லாம் வேண்டாமுங்க."

"இருந்தா நான் ஏனுங்க இங்க வாரேன்?"

"அங்கதானுங்க சூட்சுமம்." பாலசுந்தரம் எட்டி ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். "இந்த வருஷம் விசேஷ மராமத்துத் தலைப்புல பணம் நிக்குது. மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ள செலவாகலீன்னா லாப்ஸ் ஆயித் திரும்பிப் போயிரும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். 'ஏற்கனவே உள்ள கக்கூஸ் சிதிலமடைந்திருக்கிறது, விசேஷ மராமத்தின் கீழ் அபிவிருத்தி செய்து தரவும்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ரிஜிஸ்டர்ல நான் ஏத்திக்கறேன்."

"பொய்தானுங்களே அது."

"பொய்யின்னா என்னங்கம்மா? யாரையாச்சும் கெடுக்கறதுதான் பொய்யி. இது பொட்டப்புள்ளைங்களுக்கு நல்லது பண்றது. ஓவர்சியர் வந்து பாக்கறப்பக் கண்ணுக்கு ஏதாச்சும் தட்டுப்படோணும். ஒரு தட்டி கிட்டி வச்சு மறைச்சு வையுங்க. போதும்."

ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சாரதாமணியின் முன்னால் நகர்த்தி வைத்தான். பொய் சொன்னால் முட்டிபோட வைக்கிற டீச்சர் அவள். ஆனால் குஞ்சம்மாள் சொன்ன தை கண்ணெதிரே நின்றது. மையைத் தொட்டு எழுதினாள். பாலசுந்தரம் வாங்கிப் படித்துவிட்டு, "சிதிலம்ங்கிற வார்த்தை அருமைங்க" என்று மெச்சினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குஞ்சம்மாளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி நாலு மூங்கில் நட்டு, பனையோலைத் தட்டி கட்டி, உள்ளே இரண்டு கல் போட்டு, பள்ளம் தோண்டி, பக்கத்தில் சாம்பல் குவித்து, ஒரு பானையில் தண்ணீர் வைத்தார்கள். கதவுக்குக் கோணிச்சாக்கு. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஆளுக்கொரு பழைய மூங்கில், ஆளுக்கு நாலு ஓலை. யாரிடமும் ஒரு காசு கேட்கவில்லை.

"ஓவர்சியர் வந்து பாத்தாப் போதுமுங்களா? நெசமாவே போகலாமுங்களா?" என்று பாவாயி கேட்டாள்.

"நெசமாவே போகலாம் சாமி" என்றாள் சாரதாமணி.

அந்தத் தையும் மாசியும்தான் தறிமேட்டுப் பள்ளிக்கூடத்தின் பொற்காலம் என்று சொல்லவேண்டும். பெண்கள் மத்தியானம் தாகம் தீரத் தண்ணீர் குடித்தார்கள். நின்றுபோன பெண்கள் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மூன்று மணிக் கணக்குப் பாடத்தில் கைகள் உயர்ந்தன. சாரதாமணியும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மத்தியானம் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, கண்ணில் நீர் வர நின்றாள். ஒரு செம்புத் தண்ணீர்தான். அதற்குள் இத்தனை சுகம் இருப்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

மாசிக் கடைசியில் ஓவர்சியர் வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தட்டியைக் கைத்தடியால் குத்திப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் இருப்பதாகச் சொல்லியும் குத்தினார். நோட்டுப் புஸ்தகத்தில், 'கக்கூஸ் உள்ளது. சிதிலம். உடனடி மராமத்து அவசியம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எஸ்டிமேட் ஒரே வாரத்தில் பாஸ் ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் உண்மையை எழுதி நகராத காகிதம், ஒரு பொய்யை எழுதியதும் குதிரையாகப் பறந்தது. அதில் சாரதாமணிக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

பங்குனியில் சின்னண்ணன் என்ற கான்டிராக்டர் ஒரு வண்டிச் செங்கலும் நாலு ஆட்களுமாக வந்து இறங்கினான். தங்கப் பல் வைத்த ஆள். வந்ததும் வராததுமாகத் தட்டியைப் பிரிக்கச் சொன்னான்.

"கட்டி முடிக்கற வரைக்கும் அது இருக்கட்டுமுங்களே" என்றாள் சாரதாமணி.

"எஸ்டிமேட்டுல 'பழையதை அகற்றுதல்'னு மொதல் ஐட்டமே அதுதானுங்க. அத அகத்தாம நான் கடக்கால் எடுத்தேன்னா பில்லு நிக்காது."

மூங்கிலைப் பிடுங்கி, ஓலையைச் சுருட்டி, வண்டியிலேயே போட்டுக் கொண்டுபோய்விட்டான். பள்ளத்தை மூடினார்கள். முழ ஆழத்துக்கு அஸ்திவாரக் கடக்கால் எடுத்து, அதில் இரண்டு வரி செங்கல் வைத்தார்கள். மறுநாள் கொத்தனாருக்கு ஊரில் நோம்பி, திருவிழா என்றார்கள். அதற்கு மறுநாள் சுண்ணாம்பு வரவில்லை. நாலாம் நாள் யாரும் வரவில்லை. பானை மட்டும் வெயிலில் காய்ந்தது.

மார்ச்சு முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் பாலசுந்தரமே பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் வேலை முடிந்ததற்கான சர்டிபிகேட்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. பொழுது போறதுக்குள்ள ஆபீசுல சேக்கோணும்."

"வேலையே முடியலீங்களே! பாருங்க, ரெண்டு வரி செங்கல்."

"அது தெரியுமுங்க. ஆனா இன்னைக்குப் போகலீன்னா பணம் லாப்ஸ். லாப்ஸ் ஆனா அந்த ரெண்டு வரியும் இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டாப் பில்லு பாஸாகும், சித்திரையில சின்னண்ணன் வந்து முடிச்சுக் குடுத்துருவான். நான் பொறுப்பு." அவன் நெஞ்சில் கை வைத்தான். "இத்தன தூரம் வந்தாச்சு. இப்பக் கைய உதறுனீங்கன்னா பாவம் பொட்டப்புள்ளைங்க தலையிலதான் விடியும்."

அவனுடைய வெற்றிலை வாசனை, அவன் வேட்டியில் இருந்த கஞ்சி மொடமொடப்பு, பொட்டப்புள்ளைங்க என்று அவன் சொன்ன இழுவை, எல்லாமே சாரதாமணிக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அவன் சொல்வது கணக்குக்குச் சரியாக இருந்ததுதான். முதல் பொய்யை எழுதியவள் அவள். இரண்டாவதை மறுத்தால் முதலாவது வீணாகப் போகும். 'கக்கூஸ் திருப்திகரமாக மராமத்தும் அபிவிருத்தியும் செய்யப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சித்திரை வந்தது. சின்னண்ணன் வரவில்லை. கோடை விடுமுறையில் யாரோ அந்தச் செங்கலையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது பாவாயி வரவில்லை. விடுமுறையில் பெரியவளாகியிருந்தாள். சாரதாமணி அவர்கள் வீட்டுக்குப் போனாள். பாவாயி நடைக்குள்ளே ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்; எப்போதும் சிரிக்கிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

குஞ்சம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க டீச்சரம்மா, இது ஊடு. இங்க பயமில்லாமக் குடிக்கலாம்" என்றாள். கேலியா, கரிசனமா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நாங்க கட்டுன தட்டி நல்லாத்தானுங்க இருந்துச்சு? அத எதுக்குங்க பிரிச்சுப்போட்டீங்க?"

எஸ்டிமேட், விசேஷ மராமத்து, அகற்றுதல், லாப்ஸ், எல்லாம் சாரதாமணியின் நாக்கு நுனிக்கு வந்தன.

"திரும்பக் கட்டலாமா குஞ்சம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"மூங்கிலுக்கு எங்கீங்க போறது? இருந்ததத்தான் அவன் கொண்டுக்கிட்டுப் போய்ட்டானே. அதுவுமில்லாம ஊர்ல ஆம்பளைங்க, 'சர்க்கார் கட்டிக் குடுத்ததுன்னு கையெழுத்தாயிருக்குது, நீங்க ஏண்டி கட்டறீங்க'ன்னு கேக்கறாங்க." குஞ்சம்மாள் பெருமூச்சு விட்டாள். "எம்புள்ளைக்கு இனி வேண்டாமுங்க."

மறுபடி உட்கார்ந்துவிட்ட பாவாயியின் கை தானாக ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இழை எண்ணிக்கையை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். சாரதாமணி தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

ஆவணிக்குள் ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலே எல்லாம் காலி. பெஞ்சியைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் காத்தான் என்ற தோட்டி துடைப்பமும் வாளியுமாக வந்து வாசலில் நின்றான். நடந்தே வந்த களைப்பு.

"அம்மா, இந்த இஸ்கோலு கக்கூச வாரத்துக்கு ரெண்டு நாள் கழுவோணும்னு எனக்கு ஆர்டருங்க. ரெண்டு மாசமாச் சம்பளமும் போட்டுட்டாங்க. ஆனா வேல எங்கன்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டுக் கேட்டு வாரேன்."

சாரதாமணி அவனைப் பின்புறம் அழைத்துப் போய்க் காட்டினாள். கடக்கால் எடுத்த இடத்தில் நாயுருவி முளைத்திருந்தது. காத்தான் அதைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், வாளியைக் கீழே வைத்தான்.

"ஏனுங்க, ஒண்ணுமே இல்லீங்களே?"

"இல்லை."

"அப்ப எனக்கு இந்தச் சம்பளம் ஆகாதுங்க. நாத்தத்துல கை வச்சுத்தான் நான் சோறு திங்கறேன். ஆனா இந்த மாதிரி நாத்தம் எனக்குப் பழக்கமில்லீங்க" என்றான். துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தான்.

அவன் போன பிறகு சாரதாமணி அந்த நாயுருவிச் செடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூலிக்காரன் ஒருவன் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டுப் போனதை, டிரெயினிங் படித்த தான் ஏழு மாசமாகச் செய்யவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அவள் பேரிலேயே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. அன்று சாயங்காலமே பஸ் ஏறினாள்.

அவள் சொன்னதைக் கேட்டும் பாலசுந்தரம் முகம் மாறவில்லை. முக்காலி போட்டான். மோருக்கு ஆள் அனுப்பினான்.

"இதுக்கு ஏனுங்கம்மா இவ்வளவு வெசனம்? ரிஜிஸ்டர்ல கக்கூஸ் நல்ல நிலைமையில இருக்குது. நல்லா இருக்கறதுக்கு மராமத்தும் ஆகாது, புது வேலையும் ஆகாது. அதனால என்ன பண்றீங்க, 'பழுதடைந்து ஆபத்தான நிலையில் உள்ள கக்கூஸை இடித்து அகற்றவும்'னு ஒண்ணு எழுதுங்க. இடிக்கறதுக்குத் தனித் தலைப்பு இருக்குது. சின்னண்ணனே இடிச்சுக் குடுத்துருவான். நீங்க இடிச்சாச்சுன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, அடுத்த வருஷம் புது வேலைக்கு..."

"இல்லாதத இடிக்கறதுக்குக் காசா?"

"தலைப்பு இருக்குதுங்களே."

சாரதாமணி எழுந்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து, ஆபீஸ் வேப்பமரத்தடியில் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை, காலைக் காபிக்கு அப்புறம் ஒன்றும் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்து போர்டு பிரசிடெண்டுக்கே கடிதம் எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. 'தறிமேட்டுப் பெண்கள் பாடசாலையில் கக்கூஸ் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை. இருப்பதாகவும் பிறகு மராமத்து முடிந்ததாகவும் பொய்யாக எழுதிக் கையெழுத்திட்டவள் நானே. அதற்குரிய தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். கக்கூஸ் இல்லாத காரணத்தால் பெரிய பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒரு கக்கூஸ் கட்டித் தரவேண்டும்.' விதிப்படி மாணவிகளின் வயசுக் கணக்கையும் இணைத்தாள். அதில் 'பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். தண்டனை எது வந்தாலும் வரட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்றுதான் தபாலில் போட்டாள். அன்று ராத்திரி வெகு நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாள்.

கார்த்திகையில் பதில் வந்தது. நாலாம் வகுப்புக்குக் கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டு நின்றபடியே பிரித்தாள்.

'மேற்படி கக்கூஸ் மழையினால் விழுந்துவிட்டதாகக் கொண்டு ரிஜிஸ்டரிலிருந்து நீக்கப்படுகிறது. கட்டடத்தைச் சரிவரப் பராமரிக்கத் தவறியதற்காகத் தலைமையாசிரியையின் இந்த வருஷச் சம்பள உயர்வு நிறுத்தப்படுகிறது. புது கக்கூஸ் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. தலைமையாசிரியையே அனுப்பியுள்ள கணக்கின்படி பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவிகள் எவரும் இல்லாததால் மேற்படி வேலைக்கு அவசியம் எழவில்லை.'

இரண்டாம் தடவை படித்தாள். அவள் உண்மையாக எழுதிய வரிகளில் ஒன்றைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பொய் எழுதியதற்குத் தண்டனைகூடக் கொடுக்கவில்லை. பொய்யை மழையின் பேரில் எழுதி மூடிவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுத்து அதையே அவள் முகத்தில் எறிந்திருந்தார்கள். அந்த 'இல்லை' அவளுடைய கையெழுத்து, முத்து முத்தான கையெழுத்து. அதைவிட உண்மையான வார்த்தை அவள் எழுதியதே கிடையாது.

"சீ!" என்றாள் வாய்விட்டு. நாலாம் வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது.

கடைசி வரிசையில் ஒரு பெண், முத்தாயம்மாள், தை வந்தால் பத்து முடிகிறவள், ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளோ.

"டீச்சர், போகோணுமுங்க."

சாரதாமணி ஜன்னல் வழியாகப் பாவடியைப் பார்த்தாள். பாவு நீட்டி, பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முத்தாயம்மாளின் வீடு கள்ளிக்காட்டுக்கு அந்தப்பக்கம், ஒரு மைல்.

"ஊட்டுக்கே போயிட்டு வந்துரு சாமி" என்றாள்.

முத்தாயம்மாள் தலையாட்டினாள். குனிந்து சிலேட்டை எடுத்தாள், புஸ்தகத்தை எடுத்தாள், பையை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனாள். திரும்பி வருகிறவள் பையை எதற்கு எடுக்கிறாள் என்று சாரதாமணி கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டு நிறுத்தி உட்கார வைத்தால் எங்கே போகச் சொல்வது?

மாசக் கடைசியில் போர்டுக்கு அனுப்பவேண்டிய வருகைக் கணக்கில் ஒன்று குறைத்து எழுதினாள். அதுவும் முழுக்க முழுக்க உண்மைதான்.